மேலுமலையில் எரியும் மஞ்சள் விளக்கு

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைத் தாண்டி, குருபரப்பள்ளியைக் கடந்து, மேலுமலைக் கணவாயில் ஏறும்போதுதான் பல வண்டிகளில் அந்த மஞ்சள் விளக்கு முதன்முதலாக எரிகிறது என்கிறார்கள் இந்தச் சாலையோர மெக்கானிக்குகள். காரணம் இருக்கிறது. கிருஷ்ணகிரி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓசூர் சுமார் 900 மீட்டர். ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் இவ்வளவு ஏறியாக வேண்டும். தக்காளியோ மாங்காயோ ஏற்றிய பிக்கப், சமதரையில் மறைத்து வைத்திருந்த நோயையெல்லாம் இந்த ஏற்றத்தில் காட்டிவிடும். தேய்ந்த ஸ்பார்க் பிளக், பலவீனமான காயில், தூசி அடைத்த ஏர் ஃபில்டர் எதுவாக இருந்தாலும், பாரத்தோடு மூச்சு வாங்கும்போதுதான் தெரியும்.

வேளாண் அலுவலர்களிடம் பயிரைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைக்க வேண்டாம். மண் பரிசோதனை அட்டையைக் கையில் கொடுத்தால், அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சார், வண்டியில இன்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட் எரியுது. நாப்பதாயிரம் ஆகும்னு சொல்றாங்க. நிஜமா?" என்று கேட்கிறார்கள். நம் இதழின் கேள்வி பதில் பகுதிக்கும் இப்படிக் கடிதங்கள் வருகின்றன. கடனில் வாங்கிய வண்டி, அதை நம்பி விளைச்சல். நாற்பதாயிரம் என்பது சூளகிரிப் பக்கம் ஒரு போகம் கொத்தமல்லியின் லாபம் முழுவதையும் விழுங்கிவிடும் தொகை. அதனால் இரண்டு சனிக்கிழமைகளை ஒதுக்கி, கிருஷ்ணகிரியில் இருந்து அத்திப்பள்ளி வரை பட்டறை பட்டறையாக நின்று விசாரித்துக்கொண்டு போனேன்.

முதலில் அந்த விளக்கு என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வோம். கத்தரிச் செடியில் இலை மஞ்சளானால் உடனே யூரியா போடுகிறோமா? தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம், இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், வேரில் தண்ணீர் தேங்கியிருக்கலாம், நூற்புழுவாகவும் இருக்கலாம். மஞ்சள் என்பது அறிகுறி மட்டும்தான். வண்டியின் மஞ்சள் விளக்கும் அப்படியே. 'ஏதோ ஒன்று சரியில்லை, எண்ணைப் படித்துப் பார்' என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. விளக்கை மட்டும் பார்த்துவிட்டு, ஸ்கேனர் மாட்டாமலேயே ஒருவர் விலை சொன்னால், செடியைப் பார்க்காமல் மருந்து எழுதும் கடைக்காரரிடம் எவ்வளவு எச்சரிக்கையாக இருப்பீர்களோ அவ்வளவு எச்சரிக்கை அவரிடமும் தேவை.

இந்த விளக்கு பிறந்தது இன்ஜினைக் காப்பாற்ற அல்ல, காற்றைக் காப்பாற்ற. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வாகனப் புகை பெரும் பிரச்னையாக இருந்தது. புகையைக் கட்டுப்படுத்தும் பாகம் கெட்டால் ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும் என்று 1988 மாடல் கார்களில் இருந்து அங்கே கட்டாயம் ஆக்கினார்கள். 1996-ல் அமெரிக்கா முழுக்க எல்லா கார்களுக்கும் ஒரே மாதிரியான செருகுதுளை, ஒரே மாதிரியான எண்கள் என்று ஆனது. இதைத்தான் 'ஓ.பி.டி.' என்கிறார்கள். நம் நாட்டில் பி.எஸ்.-4 வண்டிகளுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. 2017 ஏப்ரலில் பி.எஸ்.-4 நாடு முழுவதற்கும் வந்ததால், அதற்குப் பிறகு தயாரான எந்தக் காரிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு அருகில், 16 ஊசி கொண்ட அந்தத் துளை இருக்கும். கையை விட்டுத் தடவிப் பாருங்கள், கிடைக்கும்.

சூளகிரியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி உள்ளே போனால், மண் ஈரமும் புதினா வாசனையும் சேர்ந்து வரும். கொத்தமல்லி, புதினா கட்டுகள் மாலையில் வண்டி ஏறி, இரவோடு இரவாகப் பெங்களூரு கலாசிபாளையம் சந்தைக்குப் போகின்றன. கீரை காத்திருக்காது. இரவு பதினொரு மணிக்கு வண்டி நின்றால், விடிவதற்குள் வாடிய கட்டுக்கு விலை இல்லை. இங்கே ஒரு விவசாயி தன் பெட்ரோல் சரக்கு வண்டியின் கதையைச் சொன்னார். விளக்கு எரிந்திருக்கிறது. ஒரு பட்டறையில், "சைலன்சர்ல இருக்கிற கன்வெர்ட்டர் போயிருச்சுணா, 46,000 ஆகும்" என்று சொல்லியிருக்கிறார்கள். ஸ்கேனர் எதுவும் போடவில்லை. வீட்டம்மாவின் செயினை அடகு வைக்கக் கிளம்பியவரை, ஓசூரில் வேலை பார்க்கும் அவருடைய மைத்துனர் தடுத்து, எலெக்ட்ரிக்கல் கடை ஒன்றுக்கு அழைத்துப் போயிருக்கிறார். ஸ்கேனரில் வந்த எண் பி0135. ஆக்சிஜன் சென்சாரைச் சூடாக்கும் மின்சுற்றில் கோளாறு என்று அதற்குப் பொருள். படுத்துக் கீழே பார்த்தால், சென்சாருக்குப் போகும் ஒயரை எலி கடித்திருந்தது. ஸ்கேனுக்கு 400, ஒயர் ஒட்டி டேப் சுற்ற 300. மொத்தம் 700 ரூபாய்.

எலி விஷயம் இங்கே சாதாரணம் இல்லை. கேழ்வரகு அறுவடை முடிந்ததும் தட்டையைப் போராகப் போடுகிறோம். அதன் பக்கத்திலேயே, மாட்டுக் கொட்டகை ஓரமாக, வண்டியையும் நிறுத்துகிறோம். இரவில் சூடான இன்ஜின் எலிக்குக் குளிர் காயும் இடம். விளக்கு எரிந்தால், பட்டறைக்குப் போகும் முன் பானெட்டைத் திறந்து ஐந்து நிமிடம் பாருங்கள். தட்டைத் துண்டு, எலிப் புழுக்கை, தோலுரிந்த ஒயர், கழன்ற காற்றுக் குழாய் ஆகியவை கண்ணுக்கே தெரியும். வண்டியைப் போரில் இருந்து தள்ளி நிறுத்துவதுதான் செலவில்லாத வைத்தியம். கிரானைட் குவாரி, கிரஷர் தூசி பறக்கும் ஊர்களில் ஏர் ஃபில்டரையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். கம்பெனி கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு அந்தத் தூசிக்குப் போதாது.

இதற்கு நேர்மாறான கதையைப் பேரிகைப் பக்கம் கேட்டேன். ரோஜா பயிரிடும் ஒருவர், பழைய கார் வைத்திருக்கிறார். விளக்கு எரிந்தது, அணைந்தது, பிறகு கண் சிமிட்டியது. "எரியட்டும், வண்டி ஓடுதில்ல" என்று மூன்று வாரம் ஓட்டியிருக்கிறார். முதல் நாளே போயிருந்தால் காயில் ஒன்றும் பிளக் நான்கும் மாற்றி மூவாயிரத்துக்குள் முடிந்திருக்கும் என்று பட்டறையில் சொன்னார்கள். இப்போது கன்வெர்ட்டரும் உருகிப் போய்விட்டது.

இந்த வித்தியாசத்தை வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். விளக்கு நிலையாக எரிந்தால், வண்டி வழக்கம்போல் இழுத்தால், பதற வேண்டாம். சந்தைக்குப் போய்ச் சரக்கை இறக்கிவிட்டு, ஓரிரு நாளில் ஸ்கேன் செய்துகொள்ளலாம். விளக்கு விட்டு விட்டுச் சிமிட்டினால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியே போகிறது என்று அர்த்தம். அந்தப் பச்சைப் பெட்ரோல் சைலன்சரில் இருக்கும் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதன் தேன்கூடு போன்ற உட்பகுதியை உருக்கிவிடும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசிய பாகம் அது. அதனால்தான் அந்த விலை. சிமிட்டும்போது ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். பாரத்தைக் குறைத்து, மெதுவாக அருகில் உள்ள பட்டறைக்குப் போங்கள், அல்லது நிறுத்திவிடுங்கள். மேலுமலை ஏற்றத்தில் சிமிட்டினால் 'உச்சிக்குப் போய்விடலாம்' என்று இழுக்க வேண்டாம். எண்ணெய்க் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கும், சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கும் வேறு சங்கதி. அவை எரிந்தால் ஓரம் கட்டி இன்ஜினை உடனே அணைக்க வேண்டும். அங்கே நாள் கணக்குக் கிடையாது.

காமன்தொட்டி, பேரண்டப்பள்ளி தாண்டினால் ஓசூர். எழுபதுகளில் சிப்காட் வருவதற்கு முன் இது சிறிய எல்லையோர ஊர். 1980-ல் டி.வி.எஸ். 50 மொபட் இங்கிருந்துதான் வெளிவந்தது. அசோக் லேலண்ட் லாரியும் இங்கேதான் தயாராகிறது. அந்த மொபட்டில் சாவி, கிளட்ச், பிளக் மூன்றையும் புரிந்துகொண்டால் எந்தப் பையனும் பிரித்து மாட்டிவிடுவான். கரும்புக் கட்டும் பால் கேனும் சுமந்த அந்த வண்டியின் இன்றைய வாரிசில்கூட பெட்ரோலை அளந்து பீய்ச்சும் மின்னணுக் கருவி இருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்த பிறகு இருசக்கர வண்டியிலும் இந்த மஞ்சள் விளக்கு சேர்ந்துவிட்டது. ஸ்பேனர் மட்டும் தெரிந்த மெக்கானிக்குகள் இந்த மாற்றத்தில் தடுமாறுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பயிற்சி கொடுக்க ஆளில்லை, கருவி விலை அதிகம்.

ஆனாலும் ஓசூரின் பாகலூர் சாலை, ராயக்கோட்டை சாலைப் பக்கம் சுற்றினால், 'ஸ்கேனிங் செய்யப்படும்' என்று பலகை வைத்த சிறு கடைகள் கண்ணில் படுகின்றன. தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த இளைஞர்கள் சிலர் இதை நடத்துகிறார்கள். நான் விசாரித்த கடைகளில் 300 முதல் 500 ரூபாய் வரை வாங்குகிறார்கள். ஒரு கடையில் தம்பி ஒருவர் எண்ணை எப்படிப் படிப்பது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். எண் 'பி' என்ற எழுத்தில் தொடங்கினால் அது இன்ஜின், கியர் சம்பந்தப்பட்டது. அடுத்தது பூஜ்யம் என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண். ஒன்று என்றால் அந்தக் கம்பெனிக்கே உரியது, அதற்கு அந்தக் கம்பெனியின் விவரப் பட்டியல் வேண்டும். மூன்றாவது இடத்தில் 1 வந்தால் காற்று, எரிபொருள். 3 வந்தால் தீப்பொறி. 4 வந்தால் புகைக் கட்டுப்பாடு. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் எரியவில்லை. பி0171 என்றால் காற்று அதிகம், எரிபொருள் குறைவு. பல நேரம் கிழிந்த ரப்பர் குழாய்தான் காரணம். பி0420 என்றால் கன்வெர்ட்டரின் திறன் குறைந்திருப்பதாகக் கணினி நினைக்கிறது.

'நினைக்கிறது' என்று சொன்னதைக் கவனியுங்கள். "பி0420 வந்தாலே கன்வெர்ட்டர் மாத்தணும்னு இல்ல சார். சைலன்சர்ல ஓட்டை இருந்தாலும் வரும், பின்னாடி இருக்கிற சென்சார் கெட்டாலும் வரும். அதையெல்லாம் பார்த்துட்டுத்தான் கடைசியா கன்வெர்ட்டர்ல கை வைக்கணும்" என்றார் அந்தத் தம்பி. எண் என்பது விசாரணையின் தொடக்கம். ஆகவே ஸ்கேன் செய்ததும் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள், அல்லது திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணோடு இன்னொரு பட்டறையில் விலை கேளுங்கள். பாகம் மாற்றினால் பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். கன்வெர்ட்டருக்குப் பழைய சாமான் சந்தையில் நல்ல விலை உண்டு, சும்மா விட்டுவிட்டு வராதீர்கள். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டி விளக்கை அணைப்பது வைத்தியம் இல்லை. எண் அழிந்துபோகும், கோளாறு அப்படியே இருக்கும், மெக்கானிக்குக்குக் கிடைத்திருக்க வேண்டிய துப்பும் போய்விடும். கோளாறு உண்மையிலேயே சரியானால், பொதுவாக மூன்று முறை நன்றாக ஓட்டி முடித்ததும் விளக்கு தானாகவே அணைந்துவிடும்.

ஊரில் நாலைந்து வண்டி வைத்திருக்கும் உழவர் குழுக்களுக்கு ஒரு யோசனை. துளையில் செருகி, புளூடூத் வழியாகப் போனில் எண்ணைக் காட்டும் சிறு கருவி ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. ஒரு குழுவுக்கு ஒன்று போதும். ஏ.பி.எஸ்., ஏர்பேக் போன்றவற்றை எல்லாம் அது படிக்காது. ஆனால் இன்ஜின் விளக்குக்கு அது தாராளம்.

டீசல் வண்டிக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பி.எஸ்.-6 டீசல் வண்டிகளில் கரிப்புகையைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை வண்டியே சுமார் 600 டிகிரி வெப்பத்தில் எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு நெடுஞ்சாலையில் இருபது, முப்பது நிமிடம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். தோட்டத்தில் இருந்து பால் சொசைட்டி, அங்கிருந்து வீடு என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டமாகவே ஓட்டினால் வடிகட்டி அடைத்து விளக்கு எரியும். தளியிலோ அஞ்செட்டியிலோ உள்ளூரில் மட்டும் வண்டி ஓட்டுபவர்கள், வாரம் ஒரு முறையாவது நல்ல சாலையில் ஒரு ஓட்டம் விட்டு வருவது பட்டறைச் செலவை விட மலிவு. ஒன்று மட்டும் முக்கியம்: அந்தச் சுத்தம் நடக்கும்போது சைலன்சர் கடும் சூடாக இருக்கும். காய்ந்த புல் மேலோ, சாலையில் உலர்த்திய ராகித் தட்டை மேலோ, போர் ஓரத்திலோ நிறுத்தாதீர்கள். தீப்பிடிக்கும்.

இன்னொன்று யூரியா. பல லாரிகளிலும் சில பிக்கப், கார்களிலும் டீசல் டேங்குக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட தனி டேங்க் இருக்கும். அதில் ஊற்றுவது 32.5 சதவீத யூரியா கரைந்த சுத்தமான நீர். டிரைவர்கள் சுருக்கமாக 'யூரியா' என்றே சொல்கிறார்கள். சூட்டில் அது அம்மோனியாவாகி, புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சாதாரண நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுகிறது. பெயரைக் கேட்டதும், "நம்மகிட்டதான் மூட்டை இருக்கே, 45 கிலோ 266 ரூபாய், கரைச்சு ஊத்திரலாமே" என்று கேட்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். 2015-ல் இருந்து நம் வயல் யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அந்த எண்ணெய் ஊசி முனையையும் கேட்டலிஸ்ட்டையும் அடைத்துவிடும். வண்டிக்கான கரைசலில் பையூரெட் 0.3 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வயல் யூரியாவில் அதைவிட அதிகம் அனுமதி உண்டு. பயிருக்கு அது பரவாயில்லை, இந்த ஊசிக்கு ஆகாது. போதாததற்கு நம் மாவட்டத்து ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு. எல்லாம் சேர்ந்து லட்சத்தைத் தொடும் செலவு. மானிய உரத்தை வேறு வேலைக்குத் திருப்புவது உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றமும்கூட. கரைசலை சீல் வைத்த கேனில் பெட்ரோல் பங்கிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகம். அத்திப்பள்ளியில் சாலையோரம் நின்றால், ஒரே வாக்கியத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வந்துவிழும். "ஏன் ஆயித்து சார்?" என்று கன்னடத்தில் கேட்ட மெக்கானிக், பாகத்தின் விலையைத் தமிழில் சொன்னார். பாகங்களைத் தேடுபவர்கள் இங்கிருந்து பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்குப் போகிறார்கள். சென்சார், காயில், ஹோஸ் எல்லாம் கடை கடையாகக் குவிந்திருக்கும் தெரு அது. நான் கேட்ட ஆக்சிஜன் சென்சாருக்கு மூன்று கடையில் மூன்று விலை. கம்பெனிப் பெட்டி, அதே பாகத்தைத் தயாரிப்பவரின் சொந்தப் பெட்டி, பெயரில்லாத பெட்டி. நடுவில் உள்ளது பெரும்பாலும் நியாயமான தேர்வு. பெயரில்லாத சென்சார் வாங்கி, ஆறு மாதத்தில் அதே விளக்கோடு திரும்பி வருவதை மெக்கானிக்குகளே சொல்கிறார்கள். பாக எண்ணைப் பழைய பாகத்தில் இருந்து பார்த்து எழுதிக்கொண்டு போங்கள், பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

இப்படி வெளியில் வாங்கவும், வெளி மெக்கானிக்கிடம் காட்டவும் நமக்கு உரிமை உண்டா என்ற கேள்வி பெரிய வழக்காகவே நடந்திருக்கிறது. 2011-ல் ஒரு தனிநபர் கொடுத்த புகாரில் தொடங்கி, 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்கு விடாமல் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையதளமும் வந்தது. கார், செல்போனோடு வேளாண் கருவிகளும் அதன் வரம்பில் இருக்கின்றன என்பதை நம் வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கும் புதிய புகை விதி வந்துவிட்டதால், டிராக்டரிலும் இதே கணினி, இதே விளக்கு. அமெரிக்காவில், டிராக்டரைப் பழுதுபார்க்கும் மென்பொருளை விவசாயிகளுக்கு முழுமையாகத் தரவில்லை என்று ஜான் டியர் கம்பெனி மீது அந்நாட்டு வர்த்தக ஆணையமே 2025 ஜனவரியில் வழக்குப் போட்டது. அங்கே இருக்கும் பிரச்னை இங்கே வர நாளாகாது. உங்களுக்குக் கையேடோ உதிரி பாகமோ மறுக்கப்பட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதியலாம். வாரண்டி காலம் முடியாத வண்டியை மட்டும் முதலில் கம்பெனி சர்வீஸுக்கே கொண்டு போங்கள். ஒயரை வெளியில் வெட்டி ஒட்டினால் வாரண்டி தகராறு வரும்.

கடைசியாக, எல்லை தாண்டி வாங்கும் பழைய கார். பெங்களூருவில் விலை குறைவு என்று கே.ஏ. எண் வண்டிகளை நம் பக்கத்தார் வாங்கி வருகிறார்கள். தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, ஆயுள் வரி எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் விலை பேச வேண்டும். அதோடு, பணம் கொடுக்கும் முன் சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பி, இன்ஜினைக் கிளப்பாமல் டேஷ்போர்டைப் பாருங்கள். அந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். இன்ஜின் கிளம்பியதும் அணைய வேண்டும். சாவி திருப்பியும் எரியவே இல்லை என்றால் யாரோ விளக்கைக் கழற்றியிருக்கிறார்கள். ஒழுங்காக எரிந்து அணைந்தாலும், ஸ்கேனரை மாட்டி 'ரெடினஸ்' என்ற பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். பல வரிகளில் 'முடியவில்லை' என்று வந்தால், நேற்றோ இன்று காலையோ எண்களை அழித்திருக்க வாய்ப்பு அதிகம். "ரெண்டு நாள் ஓட்டிட்டு மறுபடி பார்க்கலாம்ணா" என்று சொல்லுங்கள். விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால், அத்திப்பள்ளியில் ஒரு டீ குடித்துவிட்டு பஸ்ஸிலேயே ஓசூர் திரும்பிவிடுங்கள்.